பாடலுக்குப் பெயர் போதாது, எண் வேண்டும்: ரவுட் நாட்டுப்பாடல் அட்டவணை

ஒரு நாட்டார் பாடலின் வரிகளைக் கண்டுபிடிப்பது இன்று அரை நிமிட வேலை. அந்த வரிகள் யார் பாடக் கேட்டு, எந்த ஊரில், எந்த ஆண்டில் எழுதி எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. பாடல் வரிகளைத் தரும் தளங்களில் பல, அடியில் ‘மரபுப் பாடல்’ என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அப்படியொரு தளத்தை நம்பி, அண்மைக்கால மேடைப் பாடகர் ஒருவர் சேர்த்துப் பாடிய கண்ணியைப் பழங்கண்ணி என்று நான் எழுதிவிட்டு, விவரமறிந்த ஒருவர் திருத்தியதும் தலைகுனிந்தேன். அதன் பிறகு தஞ்சம் புகுந்த இடமே ரவுட் அட்டவணை.

நூலகராகப் பணியாற்றிய ஸ்டீவ் ரவுட் 1970-ஐ ஒட்டித் தமக்காகத் தொடங்கிய இந்தக் குறிப்பேடு, இன்று ஆங்கிலத்தில் வாய்மொழியாக வழங்கிவந்த ஏறத்தாழ 25,000 பாடல்களுக்கு இரண்டரை லட்சம் பதிவுகள் கொண்ட தரவுத்தளமாக வளர்ந்திருக்கிறது. லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கும் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம்.

இதன் உயிர்நாடி ஒரு எளிய யோசனை: பாடலுக்குப் பெயர் நிலையில்லை, ஆகவே எண் கொடுத்துவிடுவது. பாடுகிறவருக்கு ஒரு பெயர், அச்சிட்டவருக்கு வேறு பெயர், சேகரித்தவருக்கு மூன்றாவது பெயர் என்று சிதறிக் கிடக்கும் பாடபேதங்கள் அனைத்தும் ஒரே எண்ணின் கீழ் வந்து சேர்கின்றன. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்று தேடினால் எண் 12 கிடைக்கும். பிறகு பெயரை மறந்துவிட்டு 12-ஐ மட்டும் தேடினால், ‘எல்ஃபின் நைட்’ என்ற கதைப்பாடலும் அதே குடும்பமாக வந்து நிற்கும். அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் தொகுப்பில் இது இரண்டாம் எண். தையலில்லாமல் சட்டை தைக்கச் சொல்வதும், கடலுக்கும் கரைக்கும் நடுவே நிலம் தேடி ஆட்டுக்கொம்பால் உழச் சொல்வதும் இரண்டிலும் உண்டு. ஆனால் இன்று எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட ‘பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி, தைம்’ என்ற நான்கு மூலிகைகளின் பல்லவி, 1670-ஐ ஒட்டிய அச்சுப் பிரதியில் இல்லை; அங்கே பல்லவியில் காற்று போர்வையை அடித்துச் செல்கிறது. நாம் பழமையின் முத்திரை என்று நினைத்த வரி பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதை, பதிவுகளை ஆண்டு வாரியாகப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது எண் 3-இல். 1903-இல் தென்மேற்கு இங்கிலாந்தில் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜ் ஊரில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடக் கேட்டு, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் எழுதிக்கொண்ட முதல் பாடலான ‘சீட்ஸ் ஆஃப் லவ்’ அங்கேதான் இருக்கிறது. ஷார்ப்பின் கையெழுத்துப் பிரதிகள் வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) இணையத்தில் இருப்பதால், அவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சொற்களை ஒரு வரிசையிலும் மெட்டுகளை இன்னொரு வரிசையிலுமாக அவர் வைத்திருந்ததால் இரண்டையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது, சற்று எரிச்சல்தான். ஆனாலும் பாடியவர் சொன்னதையும், அந்தக் காலத்து நாகரிகம் கருதி அச்சில் மழுப்பப்பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியை வேறெங்கும் இவ்வளவு எளிதாக நான் கண்டதில்லை.

அதே எண் 3 எனக்கு ஒரு மனக்குறையையும் தந்தது. தைம் செடியைப் பற்றிய இன்னொரு பாடலும் இதே எண்ணில் அடைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் தோட்டமும் ஏமாற்றமும் பொது, சில கண்ணிகளும் பொது. அதனால் அவை ஒரே பாடலாகிவிடுமா? கதை சொல்லும் பாடல்களில் எல்லை வகுப்பது எளிது. உணர்ச்சியை மட்டும் பாடுபவற்றில், எந்தப் பாட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும் நாடோடிக் கண்ணிகள் ஏராளம். அங்கே எண் என்பது ஒருவரின் தீர்ப்பே தவிர இயற்கை விதியன்று. மேலும், எண் சொற்களுக்கு உரியது, மெட்டுக்கு உரியதல்ல. மெட்டின் வேரைத் தேடுபவர் இங்கே பாதி வழியில்தான் நிற்பார்.

இது அட்டவணை, பாட்டுப் புத்தகம் அல்ல என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். பல பதிவுகளில் முதலடி, பாடியவர், இடம், சேகரித்தவர், ஆண்டு, நூல் விவரம் ஆகியவையே இருக்கும். முழு வரிகளுக்கு மூலத்தை நாட வேண்டும். தெருவில் விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகளை (நம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு) படமாகக் காண, ஆக்ஸ்ஃபர்டு போட்லியன் நூலகத்தின் தளத்துக்குப் போகலாம். அங்கும் ரவுட் எண்ணே தரப்பட்டிருப்பதால் தேடல் அறுபடாது.

பதிவிலுள்ள ஆண்டு, பாட்டு எழுதி எடுக்கப்பட்ட ஆண்டு. அது பிறந்த ஆண்டு அல்ல. ‘பார்பரா ஆலன்’ என்ற எண் 54-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பாட்டிகளும் பண்ணையாட்களும் பாடியவையாகப் பக்கம் பக்கமாகப் பதிவுகள் வருகின்றன. அவற்றைப் படித்தவர்கள் இது வயல்வெளியில் பிறந்த பாட்டு என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி, லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் 1666 ஜனவரி 2-ஆம் நாள் எழுதிய நாட்குறிப்பு. அதில் இந்தச் சின்ன ஸ்காட்லாந்துப் பாட்டைப் பாடி அவரை மகிழ்விப்பவர் ஒரு லண்டன் நாடக நடிகை.