குத்தா, பிடியா? பெரியவரான பின் தற்காப்புக் கலை கற்க எங்கே சேரலாம்

குத்துச்சண்டை, முவே தாய், கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. அடிப்படையே தெரியாத பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஜிம்களில் பொதுவாகக் கிடைப்பவை இவைதான். இவற்றில் குத்துச்சண்டையில் சில மாதங்கள் ஓட்டி, மற்ற சிலவற்றை எட்டிப் பார்த்து, கடைசியில் ஜியு-ஜிட்சுவில் தங்கிவிட்டவன் நான். அதனால் தராசு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விகளை விரைவாகக் கடந்துவிடலாம். எடை குறையுமா? எதில் சேர்ந்தாலும் முதல் மாதம் மூச்சு வாங்கும்; மீதி சாப்பாட்டைப் பொறுத்தது. எது பக்கத்தில் இருக்கிறது? இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், வேலை முடிந்து களைத்த உடம்போடு வெகுதூரம் போகவேண்டிய ஜிம்முக்கு ஒருவரும் நீண்ட நாள் போவதில்லை. எந்தக் கலை எதை வெல்லும் என்ற வாக்குவாதம் 1993இல் பல கலைக்காரர்களை மோதவிட்ட முதல் யூஎஃப்சி போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் மடக்கியதிலிருந்து இன்னும் ஓயவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டிய ஒருவருக்கு அந்த வாக்குவாதத்தால் பெரிய பயன் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு என் கணக்கில் தீர்மானிக்கும் விஷயம் ஒன்றுதான். நீங்கள் செய்ய நினைப்பதை நடக்கவிடாமல் தடுக்கும் ஒரு ஆளோடு, முழு பலத்தோடு, எத்தனை தடவை மோதிப் பார்க்க முடிகிறது? அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது?

காற்றில் குத்துவதும், ஒத்துழைக்கும் பார்ட்னரைப் பிடித்து மெதுவாகச் சாய்ப்பதும் தேவைதான். ஆனால் எதிராளி நகர்கிறான், ஏமாற்றுகிறான், திருப்பித் தாக்குகிறான் என்றவுடன் கற்றதில் பாதி காணாமல் போகும். அந்தப் பாதியைத் திரும்பக் கொண்டுவருவது அந்த மோதல் மட்டுமே. எனவே எந்த ஜிம்மைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான்.

குத்துச்சண்டையில் அந்த மோதலுக்குப் பெயர் ஸ்பாரிங். நல்ல ஜிம்களில் புதியவரை உடனே ரிங்கில் ஏற்ற மாட்டார்கள். கயிறு தாண்டுவது, கால் நகர்வு, பேக்கில் குத்துவது, கோச் பிடிக்கும் பேடில் குத்துவது என்று மாதங்கள் போகும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. கைக்கு நீளத் துணியைச் சுற்றிக்கொண்டு, பேடில் சரியாக விழுந்த ஒரு குத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும்போது வரும் சந்தோஷத்தை வேறு எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் பேட் திருப்பி அடிக்காது. அடிக்கும் ஆள் எதிரே வந்ததும் கேள்வி தலைக்கு வந்துவிடுகிறது.

ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவ்ஸ், மவுத்கார்டு, தலைக்கவசம் எல்லாம் போடுவார்கள். தலைக்கவசம் தோல் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டையோட்டுக்குள் மூளை அதிர்வதை அது நிறுத்துவதில்லை. தலையில் திரும்பத் திரும்ப வாங்கும் குத்து குத்துச்சண்டை வீரர்களின் மூளையை என்ன செய்கிறது என்று ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். இது தொழில்முறை வீரர்களின் கதை, வாரத்தில் இரண்டு மாலை வருபவருக்கு அல்ல என்று சொல்லலாம். உண்மைதான். மெதுவாக ஸ்பாரிங் செய்யும் ஜிம்களும் உண்டு. ஆனால் மெதுவாக அடிப்பது தேர்ந்த கைக்கு வரும் வித்தை. புதியவர் இருவர் எதிரெதிரே நின்றால், ஒருவருக்குப் பதற்றத்தில் கொஞ்சம் பலமாக விழும், மற்றவர் அதைவிடக் கொஞ்சம் பலமாகத் திருப்புவார், ஒரு நிமிடத்தில் இரண்டு பேரும் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆக, குத்துச்சண்டையில் உங்களுக்கு இருப்பது இரண்டு வழி: முழு பலத்தோடு மோதித் தலையில் வாங்குவது, அல்லது பலத்தைக் குறைத்து நிஜத்தைவிட்டுச் சற்று விலகி நிற்பது.

முவே தாயிலும் இதே சிக்கல்தான், கூடவே முழங்கை, முழங்கால், கணுக்காலுக்கு மேல் எலும்பில் விழும் உதை. ஆனால் இரண்டு விஷயங்களை அதன் பக்கம் சொல்லவேண்டும். தாய்லாந்தில் அடிக்கடி போட்டியில் இறங்கும் வீரர்கள் பயிற்சியில் விளையாட்டுபோல லேசாகத்தான் ஸ்பாரிங் செய்கிறார்கள்; அந்தப் பழக்கத்தைப் பின்பற்றும் கோச் கிடைத்தால் புதியவருக்கு அதிர்ஷ்டம். இன்னொன்று கிளின்ச். கழுத்தைப் பிடித்து நின்றபடியே ஒருவரை ஒருவர் நிலைகுலைய வைக்கும் அந்தப் பகுதியைத் தலையில் அடி வாங்காமலே நன்றாக முட்டி மோதிப் பழகலாம். அது பிடிச்சண்டைக்கு நெருங்கிய உறவு.

சரி, ஜியு-ஜிட்சு, தரையில் பிடித்து மடக்கும் கலை. வகுப்பின் கடைசிப் பகுதியில் ஐந்தாறு நிமிடச் சுற்றுகளாக ரோலிங், அதாவது இங்கே நடக்கும் ஸ்பாரிங், இருக்கும். பெரும்பாலும் முட்டி போட்ட நிலையில் தொடங்குவார்கள். புதியவர் என்றால் அரை நிமிடத்தில் கீழே இருப்பீர்கள். ஒருவர் நெஞ்சின் குறுக்கே படுத்து, தோளால் உங்கள் தாடையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். தலை திரும்பிய பக்கத்துக்குத்தான் உடம்பு போகும், அவருக்கு அது தெரியும். நீங்கள் பலம் முழுவதையும் போட்டு உந்துவீர்கள். அவர் காத்திருந்தது அதற்குத்தான், நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வார். முழங்கை நேராகி, இன்னும் ஒரு அங்குலம் போனால் வலிக்கும் என்ற இடத்தில் நிற்கும். அவர் உடம்பில் இரண்டு தட்டு தட்டுகிறீர்கள். விட்டுவிடுகிறார். கையைத் தொட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பம். இருவரும் மனதறிந்து முயன்றார்கள், ஒருவர் தோற்றார், யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்தத் தட்டுதான் என் முடிவுக்குக் காரணம். மூட்டைப் பூட்டும் பிடியிலும் கழுத்தை நெரிக்கும் பிடியிலும், பிடி விழுவதற்கும் சேதம் ஆவதற்கும் இடையில் சின்ன இடைவெளி இருக்கிறது. கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாயை அழுத்தும் பிடி சரியாக விழுந்தால் சுமார் 10 வினாடியில் நினைவு தப்பும். அதற்கு முன் தட்டினால் சில மூச்சில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். குத்தில் அந்த இடைவெளி கிடையாது, குத்து பட்ட பிறகுதான் பட்டது தெரியும். இதனால்தான் ஜியு-ஜிட்சுவில் வாரம் பல தடவை, ஒரே மாலையில் பல பேரோடு, கிட்டத்தட்ட முழு பலத்தில் மோத முடிகிறது. புதியவருக்கும் இது பொருந்தும், முதல் மாதத்திலேயே.

இடைவெளி இல்லாத பிடிகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. குதிகாலைப் பிடித்து முழங்காலைத் திருகும் ஹீல் ஹூக்கில் வலி தெரியும்போது தசைநார் ஏற்கெனவே கிழிந்திருக்கலாம். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு 2021இல்தான் அதை அனுமதித்தது. அதுவும் அங்கி இல்லாத போட்டியில், பிரவுன், கறுப்பு பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும். புதியவர்களான வெள்ளை பெல்ட்காரர்கள் அதை ஒருவர்மேல் ஒருவர் முயன்று பார்க்கும் ஜிம்மாக இருந்தால், நான் அங்கே சேர மாட்டேன்.

பராமரிப்புச் செலவு என்று ஒன்று இருக்கிறதே, அது இங்கே உடம்பிலும் துணியிலும் விழுகிறது. விரல் மூட்டுகள் வீங்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், விலா எலும்பில் பட்டால் தும்முவதற்கே யோசிப்பீர்கள். காது மடல் உரசி உரசி ரத்தம் கட்டினால் உடனே மருத்துவரிடம் காட்டி வெளியேற்றவேண்டும். விட்டால் அப்படியே கெட்டிப்பட்டு நிரந்தரமாக உருமாறிவிடும். பயமுறுத்தாமல் சொன்னால், புதியவர்களை அதிகம் தொல்லை செய்வது தோல்தான். படர்தாமரை தரையில் விரித்திருக்கும் மேட்டிலிருந்தும் ஆளிடமிருந்தும் ஒட்டும். தடித்த பருத்தி அங்கியை ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் துவைக்கவேண்டும், அது லேசில் காயாது, அதனால் தொடர்ந்து போகிறவர்கள் இரண்டாவது அங்கி வாங்கிவிடுகிறார்கள். குத்துச்சண்டையில் வியர்வை உங்களுடையது மட்டும். இங்கே பக்கத்து ஆளுடையதும் சேர்ந்துதான் வீட்டுக்கு வரும்.

ஜூடோவுக்கு இதைவிட நியாயம் செய்யவேண்டும், ஆனால் அதில் நான் சில அறிமுக வகுப்புகளோடு நின்றவன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஜிகோரோ கானோ 1882இல் தொடங்கிய கலை. அவருடைய கொடோகான் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மாயெடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்ததிலிருந்துதான் ஜியு-ஜிட்சுவின் கதையே ஆரம்பம். ஜூடோவிலும் முழு பலத்தில் மோதலாம். நின்றுகொண்டிருப்பவரைக் கீழே போடுவதில் ஜியு-ஜிட்சு ஆட்கள் அவர்களுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. விலை எங்கே என்றால், விழுவதில். தட்டி நிறுத்த முடியாத நேரம், கால் தரையைவிட்டுக் கிளம்பிய பிறகான அந்த நொடி. விழப் பழகுவதைப் பொறுமையாகச் சொல்லித்தரும், பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு வைத்திருக்கும் ஜூடோ கிளப் பக்கத்தில் இருந்தால், என்னைக் கேட்காமல் சேர்ந்துவிடலாம். சிறுவயதிலிருந்து விழுந்து பழகியவர்களோடு முதல் வாரமே உங்களை விட்டுவிடும் கிளப் என்றால் யோசிப்பேன்.

கராத்தேயைப் பற்றி ஒரே வரியில் சொல்ல முடியாது, பள்ளிக்குப் பள்ளி மாறும். சில இடங்களில் கட்டா எனும் வரிசைப் பயிற்சியும் தொட்டும் தொடாத புள்ளி ஆட்டமும். கியோகுஷின் என்ற கராத்தே பிரிவில் வெறுங்கையால் உடம்பில் குத்துவார்கள். முகத்தில் குத்தக் கூடாது, ஆனால் தலைக்கு உதை உண்டு. டேக்வாண்டோ கால்களுக்கானது, இடுப்பு இறுகிப்போன வயதில் தொடங்குவோருக்குப் பொறுமை வேண்டும். நேர்த்தியான அசைவும் வகுப்பின் ஒழுங்கும் பிடித்தவர்களுக்கு இவை நிறைவு தரும். நான் தேடியது அது இல்லை.

ஜியு-ஜிட்சு தராததையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை நோக்கி வரும் கையைப் பார்த்துக் கண் சிமிட்டாமல் நிற்க அது பழக்காது. எட்டி நிற்பது எப்படி, எப்போது நகர்வது என்பதைக் குத்துச்சண்டை சில மாதத்தில் காலுக்குள் ஏற்றிவிடும். எனக்கு இன்றும் பயன்படுவது அங்கே கற்ற கால் நகர்வுதான். முன்னேற்றமும் மெதுவே. வெள்ளையிலிருந்து நீலத்துக்கே வருடக்கணக்கில் ஆகலாம், நீலத்தில் குறைந்தது 2 வருடம் இருக்கவேண்டும் என்பது பொதுவாகக் கூட்டமைப்பின் விதி, கறுப்பு பெல்ட் என்றால் பத்து வருடம் சகஜம். சீக்கிரம் கையில் ஏதாவது தெரியவேண்டும் என்பவர்கள் இங்கே சலித்துப்போவார்கள்.

கலையைத் தேர்ந்த பிறகு ஜிம்மைத் தேர்வது பாக்கி. இலவச அறிமுக வகுப்பில் வியர்ப்பதைவிட, ஒரு வகுப்பின் கடைசி அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது பயன் தரும். புதியவரை யாரோடு ஜோடி சேர்க்கிறார் கோச்? இன்னொரு புதியவரோடா, நிதானமான பழைய ஆளோடா? சூடு ஏறும் ஜோடியை அவர் நிறுத்துகிறாரா, இல்லை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? தட்டியவுடன் பிடி விடப்படுகிறதா, அரை நொடி தாமதமாகவா? அந்த அரை நொடி தாமதம் அங்கே சகஜமாக இருந்தால், மேலே நான் சொன்ன இடைவெளி எல்லாம் அந்த ஜிம்மில் செல்லாது. வகுப்பு முடிந்ததும் மேட்டைத் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள். வருட ஒப்பந்தத்தை முதல் நாளே நீட்டினால், ஒரு மாதத்துக்கு மட்டும் சேர முடியுமா என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குத்துச்சண்டைக்கே போங்கள் என்று நான் சொல்லும் ஆட்கள் உண்டு. கழுத்தில் டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு பேக், பேட் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர் மேலே படுத்து மூச்சுவிடுவதை நினைத்தாலே ஒவ்வாதவர்களும் அப்படித்தான். ஸ்பாரிங் வேண்டாம் என்று சேரும் அன்றே கோச்சிடம் சொன்னால் நல்ல ஜிம்மில் முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் அந்த பேக், பேட் பயிற்சிக்காகத்தான் வருகிறார்கள்.