கால்பந்தா, பாக்ஸிங்கா, வெயிட்டா: இதயத்தை எது எப்படி மாற்றுகிறது?

வடசென்னையில் பிள்ளைக்கு 15 வயசானால் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். வியாசர்பாடி பக்கம் கால்பந்துக்கு விடுவதா, பாக்ஸிங்கில் சேர்ப்பதா, இல்லை தெருமுனை ஜிம்மிலேயே வெயிட் அடிக்கட்டுமா? இதயத்தை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கால்பந்துக்குத்தான்.

மணிக்கணக்கில் ஓடும்போது இதயத்துக்கு வந்து சேரும் ரத்தம் பல மடங்கு கூடுகிறது. வருஷக்கணக்கில் அதை வாங்கி வாங்கி இடது கீழறை விரிகிறது, சுவரும் அளவோடு தடிக்கிறது. ஒரே துடிப்பில் நிறைய ரத்தம் போவதால், நன்றாகப் பழகியவருக்கு ஓய்வில் நாடி 50-க்குக் கீழேகூட இறங்கும். 1899-லேயே ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தே இதயம் பெருத்திருப்பதைச் சொல்லிவிட்டார்.

வெயிட் வேறு கதை. டெட்லிஃப்ட் எடுக்கிற பையனைப் பாருங்கள். தம் பிடித்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்கத் தூக்குவான். அதிக எடை தூக்கும் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 300-ஐத் தாண்டுவதுண்டு. அதைத் தாங்க, அறை விரியாமல் சுவர் மட்டும் தடிக்கும் என்று 1975-ல் மார்கன்ராத் குழு சொன்னது. பிற்பாடு வந்த பல ஆய்வுகளில் அந்த அளவுக்குத் தடிப்பு தெரியவில்லை. ஆகவே வெயிட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். தூக்கும்போது மூச்சை விடச் சொல்லிக்கொடுங்கள். பயப்பட வேண்டியது, சீக்கிரம் சைஸ் ஏற்றுகிறோம் என்று போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு. அது சுவரைத் தடிக்க வைத்து, இதயத்தின் பம்ப் பண்ணும் பலத்தையும் குறைத்துவிடும்.

பாக்ஸிங்கில் ஸ்கிப்பிங், ஓட்டம், உடம்பை இறுக்கிக் குத்துவது எல்லாமே உண்டு. அதனால் அறையும் விரியும், சுவரும் தடிக்கும். இதயத்துக்குக் குறையில்லை, தலையில் விழும் குத்துதான் எனக்கு உறுத்தல்.

மூன்றில் எதற்கு அனுப்பினாலும் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு, பயிற்சியே இல்லாமல் பரம்பரையாக இதயத் தசை தடித்திருக்கும். இளம் வீரர்கள் மைதானத்தில் திடீரென விழுந்து இறப்பதற்கு அதுவும் முக்கியக் காரணம். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், சுவர் 12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 15-ஐத் தொட்டால் நோய் என்றே சந்தேகிப்பார்கள். நடுவில் இருந்தால்தான் குழப்பம். அப்போது அறையின் அகலத்தைப் பார்ப்பார்கள்: ஓடிப் பழகியவருக்குப் பல நேரம் 55 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், நோயாளிக்குப் பெரும்பாலும் 45-க்குள் சுருங்கியிருக்கும். அப்படியும் தெளியாவிட்டால் மூன்று மாசம் பயிற்சியை நிறுத்தச் சொல்வார்கள். பயிற்சியால் வந்த தடிப்பு என்றால் குறையும். நோய் என்றால் அப்படியே நிற்கும்.

ஓடும்போதே மயங்கி விழுந்த பிள்ளையை, "காலையில சாப்பிடல, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயசில் திடீரென இறந்திருந்தாலும் அப்படித்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஈசிஜி, எக்கோ இரண்டையும் பார்த்துவிட்டு கிரவுண்டுக்கு அனுப்புங்கள்.