காமா சேம்பருக்குள் எந்த கேபிள்: டெஃப்லானா, கேப்டானா?

காமா கதிர்வீச்சுக்குள் பீகோ ஆம்பியர் (ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவில் மின்னோட்டம் அளக்க வேண்டுமானால், எந்த இன்சுலேஷன் போட்ட கேபிள் வாங்குவது என்ற கேள்விதான் முதலில் வரும். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளால் மாதிரிகளுக்கு காமா கதிர் கொடுக்கும் எங்கள் சேம்பருக்காக டெஃப்லான், பாலித்தீன், கேப்டான் (பாலிஇமைடு வகை பிளாஸ்டிக்) மூன்றையும் போட்டுப் பார்த்தோம். எடுத்தது கேப்டான். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

டேட்டாஷீட்டை மட்டும் பார்த்தால் டெஃப்லான்தான் ஜெயிக்கும். அதன் மின்தடைத்திறன் 10¹⁸ ஓம்-செ.மீ.க்கு மேல், கேப்டானுடையது 10¹⁷ அளவில். ஆனால் அவை கதிர் படாத துண்டில் எடுத்த எண்கள். காமா பட்டதும் பாலிமருக்குள் எலக்ட்ரான்கள் விடுபட்டு நகர ஆரம்பிக்கின்றன; கடத்துத்திறன் பல மடங்கு, சில நேரம் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறிவிடும். 1956-இல் ஃபௌலர் என்ற இயற்பியலாளர் விளக்கிய விதிப்படி இந்த ஏற்றம் டோஸ் வீதத்தின் (பொருள் கதிர் ஆற்றலை வாங்கும் வேகம்) 0.5 முதல் 1 வரையிலான அடுக்கில் போகும். டோஸ் வீதம் 10 மடங்கானால் கடத்தல் சுமார் 3 முதல் 10 மடங்கு. இதற்கு முன்னால் டேட்டாஷீட் வித்தியாசம் எடுபடாது.

ஆயுள் விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். காற்றில் 1 கிலோகிரே (கிரே என்பது கதிர் டோஸின் அலகு) வாங்கினாலே டெஃப்லான் பலமிழக்கத் தொடங்கும். மணிக்கு 5 கிலோகிரே தரும் சேம்பரில் அது 12 நிமிடம். கழிவு டெஃப்லானைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் நுண்தூளாக அரைக்கிறார்கள். கேப்டானோ பல ஆயிரம் கிலோகிரே தாங்கும்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஆயுள் இல்லை. கதிர் நின்ற பிறகும் தொடரும் கசிவுதான். மாதிரி சேம்பரை விட்டு மேலே வந்ததும், நுண்ணிய மின்னோட்டம் அளக்கும் எலக்ட்ரோமீட்டரின் எண் சட்டென்று விழும். பிறகு இறங்க மனமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். பாலிமருக்குள் பொறி போன்ற நுண்ணிடங்களில் சிக்கிய மின்னூட்டம் ஒவ்வொன்றாக விடுபட்டு வெளியேறும் நேரம் அது. மின்னூட்டத்தைப் பிடித்து வைப்பதில் டெஃப்லான் குடும்பம் பேர்போனது. எலக்ட்ரெட் மைக்குகளில் (மின்னூட்டம் நிலைத்திருக்கும் படலத்தால் இயங்குபவை) அதைப் போடுவதே அதற்காகத்தான். நமக்கு அந்தக் குணமே எதிரி. அடுத்த அளவீட்டுக்கு முன் பூஜ்யம் நிலைக்க வேண்டும், அது நிலைக்காது. கேப்டானிலும் கதிர் நின்றபின் நீளும் இந்த வால் உண்டு, ஆனால் குட்டை. அதன் சங்கிலியில் உள்ள பென்சீன் வளையங்கள் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகச் செலவழித்துவிடுவதால் கதிரின் கீழ் உண்டாகும் கடத்தலே குறைவு.

இதைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னழுத்தமே கொடுக்காவிட்டாலும் கேபிளில் ஒரு மின்னோட்டம் தெரியும். காமா தட்டிவிடும் காம்ப்டன் எலக்ட்ரான்கள் செய்கிற வேலை அது, கடத்தல் இல்லை. +100 வோல்ட்டில் ஒருமுறை, –100 வோல்ட்டில் ஒருமுறை எடுங்கள். குறி மாறுகிற பகுதிதான் கடத்தல், மாறாதது காம்ப்டன். இதைப் பிரிக்காமல் இரண்டு கேபிள்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

கேப்டானுக்கும் குறை உண்டு. எடையில் 2.8 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். மழைக்காலத்தில் கதிர் படுவதற்கு முன்பே கசியும். சூடாக்கி உலர்த்தி, உலர் நைட்ரஜனில் வைத்தால் சரியாகிவிடும். விலையும் அதிகம், தோலுரிப்பதும் சிரமம்.

பாலித்தீன் நடுவில் நிற்கிறது. மலிவு; கதிர் பட்டால் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து (குறுக்கிணைப்பு) முதலில் இறுகும். ஆனால் குறைந்த டோஸில் நெடுநாள் காற்றோடு இருந்தால் ஆக்சிஜன் அரித்துவிடும். எங்கள் சோதனைகள் எல்லாம் வேகமான டோஸில் நடந்தவை, அதனால் பல வருடம் ஓட வேண்டிய இடத்துக்கு பாலித்தீனைப் பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன்.

டெஃப்லானை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. நிமிடத்துக்கு ஓரிரு கிரே தரும் புற்றுநோய் சிகிச்சை அறையில், கற்றைக்கு வெளியே ஓடும் கேபிளுக்கு அது போதும். செயற்கைக்கோளிலோ கணக்கே வேறு: அங்கே கதிர் உண்டாக்கும் கடத்தல் தேங்கிய மின்னூட்டத்தை வடியவிடும், அது வரவேற்கத்தக்கது.

அப்புறம், ஆர்டர் போடும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத் துறைக்கான கேப்டான் வயர்கள் பலவற்றில் நாடாவை ஒட்ட எஃப்இபி பூச்சு இருக்கும். அதுவும் டெஃப்லான் குடும்பம்தான். அந்தப் பூச்சு இல்லாதது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.