பதப்படுத்திய பைசன் கறி: ஜெர்க்கி, பெம்மிக்கன், ப்ரெசவோலா, பாஸ்ட்ராமி – எதை எதற்குத் தேர்ந்தெடுப்பது?

பைசன் இறைச்சி என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது, அதில் கொழுப்பு குறைவு என்பதைத்தான். அது உண்மை. கொழுப்பு நீக்கிய பச்சைச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 109 கலோரி, 21.6 கிராம் புரதம், 1.8 கிராம் கொழுப்பு, 2.6 மி.கி. இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் உப்பிட்டும் உலர்த்தியும் புகையூட்டியும் பதப்படுத்தப் போகும்போது, இதே கொழுப்பின்மை ஒரு முறையில் துணை நிற்கும், இன்னொரு முறையில் காலை வாரும். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டுதான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்க்கி மெல்லிய துண்டுகளாக உப்பிட்டு உலர்த்திய கறி. பெம்மிக்கன் உலர்கறித் தூளும் உருக்கிய கொழுப்பும் கலந்தது. ப்ரெசவோலா உப்பிட்டு முழுத் தசையாகத் தொங்கவிட்டு உலர்த்தியது. பாஸ்ட்ராமி உப்புநீரில் ஊறவைத்து, புகையூட்டி, ஆவியில் முடித்தது.

இங்கே பேசுவது வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்து, இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பண்ணைகளில் வளர்க்கப்படும் பைசனைப் பற்றி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் வந்து நிற்கும், ‘இந்தியன் பைசன்’ என்றும் அழைக்கப்படும் காட்டுமாடு வேறு விலங்கு. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடுவது குற்றம்.

மாட்டுக்கறியைவிட மேலானதா?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. மாட்டின் பின்தொடைச் சதையிலும் வெளிக்கொழுப்பை நீக்கிவிட்டால் புரதமும் கொழுப்பும் பைசனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பைசனில் சதைக்குள் ஊடோடும் கொழுப்பு பொதுவாகவே குறைவு என்பதால், எந்தப் பகுதியை வாங்கினாலும் ஓரளவு இதே கணக்கு நிற்கும் என்பதுதான் உண்மையான வேறுபாடு. விதிவிலக்கு அரைத்த கறி. வெட்டுத் துண்டுகளின் கொழுப்பையும் சேர்த்து அரைப்பதால், 100 கிராம் பச்சைக் கறியில் 7 கிராம் கொழுப்பும் இருக்கலாம், 16 கிராமும் இருக்கலாம். கடையில் ‘பைசன் ஸ்டிக்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அரைத்த கறியில் செய்தவை. ஆகவே சதைத்துண்டுக்கான எண்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஊட்டக் கணக்கு

மேலே சொன்ன பச்சைச் சதையை வைத்தே கணக்கிடலாம். 1 கிலோ சதையில் 20 கிராம் உப்பு சேர்த்து, 400 கிராமாக வற்றும்வரை உலர்த்தினால் அது ஜெர்க்கி. 100 கிராமில் 54 கிராம் புரதம், 4.5 கிராம் கொழுப்பு, 6.5 மி.கி. இரும்பு, சுமார் 270 கலோரி. கூடவே 5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சவரம்பே 5 கிராம்தான். 30 கிராம் கொறித்தாலே 1.5 கிராம் உப்பு உள்ளே போய்விடும். கடை ஜெர்க்கியில் சர்க்கரையும் ஈரமும் கூடுதலாக இருப்பதால் புரதம் இந்த அளவுக்கு வராது.

ப்ரெசவோலா பாணியில் முழுத் தசையாக உலர்த்தினால் எடை 35 முதல் 40 சதவீதம்தான் குறையும். 100 கிராமில் 35 கிராம் புரதம், 4.5 முதல் 5 கிராம் வரை உப்பு. மெல்லிய இதழ்களாக 30 கிராம் வைப்பதே ஒரு தட்டுக்குப் போதும் என்பதால் அளவு மீறுவது அரிது.

பெம்மிக்கனின் கணக்கே வேறு. முறுகக் காய்ந்த சதைத்தூள் 50 கிராம், உருக்கிய கொழுப்பு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 100 கிராமில் 40 கிராம் புரதம், 53 கிராம் கொழுப்பு, ஏறத்தாழ 640 கலோரி. பழைய முறையில் உப்பே கிடையாது. சதையில் இயல்பாக உள்ள சோடியம் மட்டுமே. ஜெர்க்கியில் 80 சதவீத ஆற்றல் புரதத்திலிருந்தும், பெம்மிக்கனில் 25 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது. கடுங்குளிரில் நாள்தோறும் மைல்கணக்கில் நடப்பவருக்கு இதுதான் வாழ்வா சாவா என்ற கேள்வி. கொழுப்பில்லாத கறியை மட்டுமே உண்டு வாழ முயன்றவர்கள் வயிற்றுப்போக்கும் சோர்வுமாக வாடியதை வடதுருவப் பயணிகள் பதிவு செய்திருக்கிறார்கள். கொழுப்பில்லாத பைசன் சதைக்குக் கொழுப்பைத் திரும்பச் சேர்த்த புல்வெளி மக்களின் அறிவு வியக்கத்தக்கது. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கு அதே 53 கிராம் கொழுப்பு சுமைதான். அதில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை 18 சதவீதம் கூட்டும் என்பது அதன் மதிப்பீடு. பைசன் என்பதால் இதில் சலுகை இல்லை. கறி கெடாமலிருக்கச் சேர்க்கும் உப்பு வகையான நைட்ரைட்டைப் பற்றி, ‘நைட்ரைட் சேர்க்காதது’ என்று அட்டையில் இருந்தாலும் செலரிப் பொடி சேர்த்திருந்தால், அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான்.

ஜெர்க்கி: சூடேற்றாமல் உலர்த்தாதீர்கள்

நம் உப்புக்கண்டத்துக்கு உறவுமுறை சொல்லலாம் என்றாலும், வெயிலில் போட்டுக் காயவைக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். தொடைப்பகுதிச் சதையை எடுத்து, வெள்ளைச் சவ்வை முழுக்கச் சீவிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் பாதி இறுகி, சீராக வெட்ட வரும். கனம் 5 மி.மீ., அதிகம் போனால் 6. நாருக்குக் குறுக்கே வெட்டினால் மெல்ல எளிது. நாரோடு வெட்டினால் நெடுநேரம் மெல்லலாம். 1 கிலோவுக்கு 20 கிராம் உப்பு, 8 கிராம் இடித்த மிளகு, விருப்பம்போல் பூண்டுப்பொடி, மிளகாய்த்தூள். ஃப்ரிட்ஜில் ஓரிரவு ஊறட்டும்.

அடுத்த படிதான் பலரும் தவிர்ப்பது. உலர்த்தியில் அடுக்கும் முன்பே, துண்டுகளை ஆவியிலோ ஓவனிலோ வைத்து உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். பிறகு 54 முதல் 60 டிகிரியில் உலர்த்தலாம். உலர்த்தியின் காற்று 60 டிகிரி என்று காட்டினாலும், ஈரம் ஆவியாகும்வரை சதையின் வெப்பம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். சதை சூடேறும் நேரத்துக்குள் கிருமிகள் வறண்ட நிலைக்குப் பழகி, வெப்பத்தைத் தாங்கும் வலுவைப் பெற்றுவிடும். 1995-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வீட்டில் செய்த மான்கறி ஜெர்க்கியால் ஈ.கோலை ஓ157 நோய் பரவியது இந்தக் காரணத்தை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது.

பைசன் சதை மாட்டுக்கறியைவிட அடர்சிவப்பு. காயும்போது ஏறத்தாழக் கறுத்துவிடும். கருகிவிட்டதோ என்று பயந்து பாதியில் எடுத்துவிட வேண்டாம். கொழுப்பு குறைவு என்பதால் வேகமாகவும் காயும். நான்காம் மணி நேரத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு வளைத்துப் பாருங்கள். கீறல் விழ வேண்டும், ஒடியக் கூடாது. சூடாக இருக்கும்போது வளைத்துப் பார்த்தால் எப்போதும் ஏமாற்றும்.

சமையலுக்கு என்றால் சர்க்கரையும் சோயாவும் சேர்த்த கடை ஜெர்க்கி உதவாது. சூப் முழுவதும் இனிக்கும். வட அமெரிக்கப் புல்வெளிப் பழங்குடியினரான லக்கோட்டா மக்கள் ‘பாப்பா’ எனும் வெறும் உலர்கறியை, உலர்ந்த சோளத்தோடும் டிம்ப்சிலா எனும் புல்வெளிக் கிழங்கோடும் மெதுவாகக் கொதிக்கவைத்துச் சாறாக்குவார்கள். 100 கிராம் உலர்கறியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு சிறுதீயில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும்.

பெம்மிக்கன்: ஈரம் மிஞ்சினால் ஆபத்து

இந்தப் பட்டியலில் வரலாறே தலைகீழாக மாறக் காரணமான ஒரே உணவு இதுதான். கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ, மேட்டி மக்கள் இடித்துக் கலந்து, தோல்பைகளில் கொட்டித் தைத்த 90 பவுண்டு மூட்டைகளை நம்பித்தான் கனடாவின் மென்மயிர் வணிகப் படகுகள் ஓடின. 1814 ஜனவரியில் ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல், பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தார். அதனால் மேட்டி மக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே மூண்ட பகை 1816-இல் செவன் ஓக்ஸ் மோதலில் போய் முடிந்தது.

செய்முறை எளிது, கவனம் மட்டும் நிறைய வேண்டும். உப்பில்லாமல், 71 டிகிரி சூடேற்றிய மெல்லிய துண்டுகளை, வளைக்காமல் மடக்கென்று ஒடியும்வரை உலர்த்துங்கள். 1 கிலோ சதை சுமார் 270 கிராமுக்கு வந்துவிடும். ஜெர்க்கிப் பதத்தில் நிறுத்தினால் மிக்ஸியில் பொடியாகாமல் நாராகத் திரளும். அதுவே போதுமான அளவு காயவில்லை என்பதற்கு அடையாளம். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கட்டிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கி, 115–120 டிகிரியில், குமிழி அடங்கும்வரை உருக்கித் துணியில் வடிகட்டுங்கள். குமிழி வருவது தண்ணீர் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சான்று. பைசன் கொழுப்பு கிடைக்காவிட்டால் மாட்டின் சிறுநீரகக் கொழுப்பு போதும். முதுகுக் கொழுப்பு மென்மையானது, வெப்பமான அறையில் கசிந்துவிடும். 50–55 டிகிரிக்கு ஆறிய பிறகு, சம எடையில் தூளோடு பிசைந்து அச்சில் அழுத்துங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தூள் பொரிந்து கசக்கும். ஆறிப்போய் ஊற்றினால் கட்டி உதிரும்.

ஆபத்து எங்கே என்றால், கொழுப்பு காற்றை முழுக்க அடைத்துவிடுகிறது. உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் காற்றில்லாச் சூழலில் வளர்ந்து, உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆகவே பச்சை வெங்காயம், பச்சைப் பூண்டு, அரை ஈரப் பழம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. சாஸ்கடூன் பழமோ சோக்செர்ரியோ சேர்க்க விரும்பினால் கல்லாகக் காய்ந்திருக்க வேண்டும். மொத்த எடையில் 10 சதவீதம் போதும். பழம் சேர்த்தது சீக்கிரம் தீர்ந்துவிட வேண்டியது.

அப்படியே கடித்துத் தின்பதைவிடச் சமைப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. மேட்டி வீடுகளின் ரூபபூ இதற்கென்றே உண்டானது: 1 லிட்டர் தண்ணீரில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வேகவிட்டு, 150 கிராம் பெம்மிக்கனை உதிர்த்துப் போட்டு, கரைத்த மாவு 2 மேசைக்கரண்டி ஊற்றி, கால் மணி நேரம் கொதிக்கவிடுவது. அதில் உப்பு இல்லாததால் இறக்கும் முன் தாராளமாகச் சேர்க்கலாம். வாணலியில் மாவும் வெங்காயமும் சேர்த்து வறுத்தால் அது ரூசோ. தனியாக எண்ணெய் வேண்டியதில்லை.

ப்ரெசவோலா: பைசனுக்கென்றே அமைந்தது போல

இத்தாலியின் வால்தெல்லீனாப் பகுதியில் மாட்டின் கொழுப்பற்ற தொடைச் சதையில் செய்வது இது. பைசனின் குறை என்று சொல்லப்படுவது இங்கே தேவையாகவே மாறுகிறது. ‘ஐ ஆஃப் ரவுண்ட்’ எனும் உருண்டைத் தசையை வாங்கி, சவ்வு ஒரு துளியும் இல்லாமல் சீவுங்கள். எடையில் 2.75 சதவீத உப்பு, 0.25 சதவீத ‘நம்பர் 2’ பதப்படுத்தும் உப்பு, 1 சதவீத சர்க்கரை, மிளகு, ரோஸ்மேரி. வெற்றிடப் பையில் இரண்டு வாரம் ஃப்ரிட்ஜில். இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பிறகு கழுவித் துடைத்து, உறையில் இறுக்கிக் கட்டி, 12–13 டிகிரியில், 75–80 சதவீத ஈரப்பதத்தில், தொடக்க எடையில் 38 சதவீதம் குறையும்வரை தொங்கவிடுங்கள்.

நம்பர் 2-இல் 6.25 சதவீத நைட்ரைட்டோடு நைட்ரேட்டும் உண்டு. பல வாரத் தொங்கலுக்கு அது மெல்ல மெல்ல நைட்ரைட்டாக மாறிக் காவல் நிற்கும். தேநீர்க்கரண்டியால் அளக்காதீர்கள், 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம். இளஞ்சிவப்பாக இருப்பதால் இதை இந்துப்போடு குழப்பிக்கொள்வது நடக்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு. மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் நஞ்சு, மறுபக்கம் பாதுகாப்பே இல்லை.

அடிக்கடி கெடுவது விளிம்பு இறுகுவதால். காற்று வறண்டிருந்தால் மேற்பரப்பு தோல்போல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். கொழுப்பில்லாத பைசன் வேகமாக நீர் விடுவதால் முதல் வாரம் ஈரப்பதத்தை 80–85 சதவீதத்தில் வைத்திருப்பது நல்லது. லேசாக இறுகிவிட்டால் வெற்றிடப் பையில் போட்டு இரண்டு மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரம் சமமாகிவிடும். உள்ளே புளித்த அழுகல் வாடை வந்தால் குப்பைக்குத்தான். மெல்லிய வெள்ளைப் பூஞ்சை பொதுவாகத் தீங்கற்றது, வினிகரால் துடைக்கலாம். கறுப்பும் பச்சையுமாக மயிர்போல் நின்றால் வேண்டாம்.

நாருக்குக் குறுக்கே 1 மி.மீ. இதழாகச் சீவி, எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் பரிமாறும் நொடியில் தெளியுங்கள். முன்னதாகவே தெளித்தால் அமிலம் பட்டு வெளிறிவிடும். அடுப்பில் காட்டினால் தோலாகும், உப்பு தூக்கலாகத் தெரியும்.

பாஸ்ட்ராமி: கடைசி இடம்

மாட்டின் நெஞ்சுக்கறியில் பாஸ்ட்ராமி ருசிப்பது உருகும் கொழுப்பால். பைசன் நெஞ்சுக்கறியில் அது போதாது. செய்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீரும் கறியும் சேர்ந்த எடையில் 2 சதவீத உப்பு, 0.25 சதவீத ‘நம்பர் 1’ பதப்படுத்தும் உப்பு (நைட்ரேட் இல்லாமல் நைட்ரைட் மட்டும் உள்ளது) கரைத்து ஒரு வாரம் ஊறவிடுங்கள். மிளகும் கொத்தமல்லி விதையும் அப்பி, 110–120 டிகிரிப் புகையில் உள்வெப்பம் 70 வரும்வரை வைத்து, பிறகு மூடிய பாத்திரத்தில் ஆவியில் முடியுங்கள். 85 டிகிரியிலிருந்தே கத்தி முனையால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மாட்டுக்கறிக்குப் பழகிய கணக்கில் 95 வரை விட்டால் பஞ்சாகச் சக்கையாகும். மீந்ததை உருளைக்கிழங்கோடு பொரியலாகப் பிரட்டினால் அந்த வறட்சி தெரியாது.

இவற்றில் பாஸ்ட்ராமி ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள்தான் தாங்கும். ப்ரெசவோலாவை வெட்டிய முகத்தை இறுகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களில் முடிக்கலாம். வீட்டு ஜெர்க்கியை அறையில் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். மீதியை ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். பெம்மிக்கனை வெளிச்சம் படாமல் குளிரில் வையுங்கள். பழைய பெயின்ட் வாடை வந்தால் கொழுப்பு சிக்கெடுத்துவிட்டது.