காதை அடைப்பதா, திறந்து வைப்பதா? இரைச்சலும் கூச்சமும் கூடினால் எது எதற்கு உதவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காதைக் கெடுக்கும் வேலைகள் எவை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்பனை ஆலையின் பிரஸ், பாய்லர் பகுதிகள், முதுகில் மாட்டும் புல்வெட்டி மெஷின், திருவிழா என்றால் உறுமி மேளம். முதலில் வேலை முடிந்த இரவில் மட்டும் காதுக்குள் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கும். பிறகு அது நிற்பதில்லை. அதற்கும் பிறகு பல் கூச்சம் மாதிரி காதுக் கூச்சம் வரும்: எவர்சில்வர் தட்டில் கரண்டி பட்டாலே சுரீரென்று குத்தும்.

இந்தக் கட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எப்போதும் காதை அடை என்பார் ஒருவர். ரேடியோவைப் போட்டுவிடு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வருவார். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். ஆனால் இரண்டும் தேவை, வேறு வேறு நேரத்தில்.

சத்தத்தின் நடுவே: பஞ்சு, நுரை அடைப்பான், மஃப், தூரம்

பஞ்சைத் தள்ளிவிடலாம். காதை அடைத்த உணர்வைத் தரும், சத்தத்தை அதிகம் தடுக்காது. அந்த நம்பிக்கையில் மெஷின் பக்கத்திலேயே நிற்பதுதான் அதன் ஆபத்து.

உருட்டிப் போடும் நுரை அடைப்பான் விலை மலிவு, தடுப்பு அதிகம். பெட்டியில் சத்தத் தடுப்பு அளவான என்ஆர்ஆர் 33 என்று இருந்தால் 33 டெசிபல் குறையும் என்று நம்ப வேண்டாம். 7ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 13. வேலையிடத்துக்கு அந்தக் கணக்குதான் பாதுகாப்பானது. 95 டெசிபல் பகுதியில் நிற்பவரின் காதுக்கு 82 போய்ச் சேரும். அதுவும் சரியாகப் போட்டால்தான். மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, விரலால் அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். வெளிச்சத்தம் பெரிதாகக் குறைந்தால் அடைப்பான் ஒழுகுகிறது. பேசி, மென்றுகொண்டிருந்தால் நேரம் ஆக ஆகத் தளரலாம். எண்ணெய்ப் பிசுக்குக் கையால் உருட்டுவது காதில் புண் வர நேர்வழி. நம் ஊர் வியர்வைக்கு அது சீக்கிரம் ஆறாது.

காதை வெளியே இருந்து மூடும் மஃப்பைப் போடுவதும் கழற்றுவதும் எளிது. அதனால் மெஷினை நிறுத்தி நிறுத்தி வேலை செய்யும் புல்வெட்டுக்காரருக்கு அதுவே மேல். ஆனால் கண்ணாடிக் காம்போ, தொப்பித் துணியோ மெத்தைக்கு அடியில் புகுந்தால் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் இறங்கும். மெத்தை கெட்டியாகிவிட்டால் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தடுப்பும் கூட்டல் கணக்காகக் கூடாது. கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5 டெசிபல்தான்.

யாரும் கணக்கில் எடுக்காத போட்டியாளர் தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். உறுமிக்கு 2 மீட்டரில் நிற்பவர் 8 மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் போய்விடும், அதாவது ஏறக்குறைய ஒரு நுரை அடைப்பான். காசு இல்லை, காதும் புழுங்காது. கல்யாண மண்டபத்தில் இந்தக் கணக்கு செல்லாது: சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், ஒலிபெருக்கியும் நாலு மூலையில் இருக்கும். அங்கே எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் நல்லது. பேச்சு புரியும், நுரையைப் போல மந்தமாக்காது.

நேரமும் முக்கியம். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு சத்த விதிமுறைகளும் தினசரி வரம்பை 85 டெசிபலில்தான் வைத்திருக்கின்றன.

வீட்டில்: அமைதியா, பின்னணிச் சத்தமா

ஆலையில் காப்பாற்றிய அதே அடைப்பான் அடுப்படியில் கெடுதல் செய்யும். உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை தன் வால்யூமை ஏற்றிக்கொள்கிறது. நல்ல காது உள்ளவர்கள் இரண்டு வாரம் அடைப்பான் போட்டபோது சத்தம் பெரிதாகப் பட்டது, மெல்லிய பின்னணி ஒலி விடும் கருவியைக் காதில் அணிந்தபோது சத்தம் சிறிதாகப் பட்டது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கூச்சத்துக்குப் பயந்து நாள் முழுக்க அடைப்பவருக்குக் கூச்சம் வளர்வது இப்படித்தான்.

பின்னணிச் சத்தத்துக்கு மேசை விசிறி முதல் தேர்வு. சீரான ஒலி, செலவில்லை, விடியும்வரை ஓடும். ஃபோன் ஆப்பில் மழைச் சத்தம் இரண்டாவது, ஆனால் இடி கலக்காத பதிவாகத் தேடுங்கள், டைமரை அணைத்துவிடுங்கள். நடு இரவில் ஒலி சட்டென நின்றால் அந்த வெறுமையே எழுப்பிவிடும். ஃபோனின் சின்ன ஸ்பீக்கர் கீச்சென்று இருக்கும். புளூடூத் ஸ்பீக்கரைக் கால்மாட்டில் வையுங்கள், தலைமாட்டில் வேண்டாம். மின்னல் எஃப்எம் வானொலி பகலில் துணைக்கு நல்லது, தூங்கத் தோதுப்படாது: பேச்சு கவனத்தை இழுக்கும், விளம்பரம் வந்தால் சத்தம் குதிக்கும். தகரக் கூரையில் அடிக்கும் மழை சிலருக்குத் தாலாட்டு, கூச்சம் முற்றியவருக்குத் தண்டனை.

அளவில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இரைச்சலை முழுக்க மூழ்கடிக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கேட்கும் அளவில், இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்வாக வையுங்கள். மூழ்கடித்தால் விசிறி நின்ற நிமிடம் 'ஙொய்' இன்னும் பெரிதாகத் தெரியும். கூச்சம் உள்ளவர் கேட்டும் கேட்காத அளவில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சிறிது ஏற்றலாம். சத்தம் பட்டபின் மறுநாள்வரை வலி நின்றால் ஒரு படி இறங்குங்கள். வலி வகைக் கூச்சத்துக்கு இந்தப் பயிற்சியை அவசரப்படுத்தவே கூடாது.

காதுக் கருவியும் மாத்திரையும்

சத்தத்தால் கெட்ட காதின் ஆடியோகிராமில் (செவிச் சோதனை வரைபடத்தில்) 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். பள்ளம் ஆழமாக இருந்தால் பின்னணி ஒலி மட்டும் விடும் கருவியைவிடக் காது கேட்கும் கருவிக்கே எங்கள் ஓட்டு. பேச்சு தெளிவாகும்போது இரைச்சலும் பின்னுக்குப் போகும். கூச்சம் இருப்பதைச் செவித்திறன் நிபுணரான ஆடியோலஜிஸ்ட்டிடம் சொல்லி, உச்ச ஒலியைக் குறைத்து அமைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கருவி அலமாரியில் தூங்கும்.

ஜின்கோ மூலிகை, துத்தநாக மாத்திரைகளை இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி. இரைச்சலுக்காக மட்டும் பீட்டாஹிஸ்டின் மாத்திரை கொடுக்க வேண்டாம் என்கிறது இங்கிலாந்தின் 2020 வழிகாட்டி. காய்ச்சிய எண்ணெய் உள்காதுக்குப் போகவே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல்தான். சிந்தனை, நடத்தை சிகிச்சை என்னும் மனநல முறை ஒலியைக் குறைக்காது. ஆனால் இரைச்சல் தரும் எரிச்சலையும் தூக்கக் கேட்டையும் குறைக்கிறது. மாத்திரைக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

எப்போது கிளம்ப வேண்டும்

ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் மெழுகு என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு பலன் தருவது முதல் இரண்டு வாரத்தில்தான். இரைச்சல் நாடித் துடிப்போடு அடித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போ பெரிய மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

செவிச் சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் ஆலைச் சத்தம் படக்கூடாது. இரவு ஷிப்ட் முடித்து நேரே போனால் முடிவு தப்பாக வரும். காதுக்குள் பலத்த 'பீப்' விட்டுத் தசையின் அனிச்சையைப் பார்க்கும் சோதனை 100 டெசிபலையும் தாண்டக்கூடும். கூச்சம் உள்ளவர் அதைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்கலாம். எம்ஆர்ஐ எடுத்தால் அடைப்பானும் மஃப்பும் இரண்டும் போடச் சொல்லுங்கள். ஆடியோகிராமின் நகலை ஆலை ஆபீஸில் மட்டும் விட்டுவிடாமல் வீட்டிலும் ஒன்று வையுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் தொழில் நோயாக மனு கொடுக்க நேர்ந்தால் பழைய வரைபடமும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டி வரும்.