கரும்பொருள் ஹேலோவின் சுழற்சியை அளக்க டிஎன்ஜி தரவுச் சேவை எப்படி?

ஹேலோக்களும் (கேலக்ஸிகளைச் சூழ்ந்த கரும்பொருள் திரள்கள்) துணைக் கேலக்ஸிகளும் சுழற்சியை எங்கிருந்து பெறுகின்றன என்று தோண்டுகிறவர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில் முதலில் சொல்ல வேண்டியது இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி என்ற பிரபஞ்சக் கணினி உருவகம். டிஎன்ஜி100, டிஎன்ஜி300 இரண்டும் 2018 டிசம்பரிலும், டிஎன்ஜி50 2021இலும் பொதுவில் வந்தன. இணையதளத்தில் பதிந்து ஏபிஐ கீ (நிரல் வழியே தரவு எடுக்கும் அனுமதிச் சாவி) வாங்கினால் போதும். ஒரு முழு ஸ்னாப்ஷாட் (ஒரு காலகட்டத்தில் உருவகம் முழுவதன் பதிவு) டெராபைட் கணக்கில் போகும். அதை இறக்க வேண்டியதே இல்லை. வேண்டிய ஹேலோவை மட்டும் கட்அவுட்டாக எடுத்துக்கொள்ளலாம். பால்வீதி அளவு ஹேலோ ஒன்றுக்கு டிஎன்ஜி100இல் ஒரு லட்சத்துக்கு மேல் கரும்பொருள் துகள்கள் இருக்கும். இடமும் வேகமும் சேர்த்துச் சில மெகாபைட்தான்.

பெரிய குறை ஒன்று: ஹேலோ அட்டவணையில் லாம்டா (சுழற்சியை அலகில்லா எண்ணாகச் சொல்லும் அளவுரு) இல்லை. சப்ஹேலோஸ்பின் என்ற புலத்தைப் பார்த்ததும் பலரும் அதுதான் என்று எடுத்துவிடுகிறார்கள். அது கட்டுண்ட எல்லாத் துகள்களின் (வாயு, விண்மீன் உட்பட) கோண உந்தத்தை நிறையால் வகுத்த வெக்டர். அதிலிருந்து புல்லக் என்ற ஆய்வாளர் வரையறுத்த லாம்டாவுக்குப் போக, வெக்டரின் அளவை √2 × V × R ஆல் வகுக்க வேண்டும் (M நிறை, R ஆரம், V = √(GM/R) என்ற வட்டச்சுற்று வேகம்). டிஎன்ஜியின் சொந்த அலகில், நிறைப் புலத்தில் 100, ஆரப் புலத்தில் 163 என்று இருக்கும் ஹேலோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அலகில் ஈர்ப்பு மாறிலி G = 43007 என்று வைத்தால் V வினாடிக்கு 162 கி.மீ., வகுக்கும் எண் ஏறக்குறைய 37,400. அட்டவணை 1,310 என்று காட்டினால் லாம்டா 0.035, இதுதான் ஹேலோக்களின் வழக்கமான இடைநிலை மதிப்பு. ஆனால் நிறையும் ஆரமும் R200 (உள்ளே சராசரி அடர்த்தி பிரபஞ்சத்தின் மாறுநிலை அடர்த்தியைப் போல் 200 மடங்காகும் ஆரம்) எல்லைக்கானவை, ஸ்பின்னோ கட்டுண்ட அனைத்துக்குமானது. பொருந்தாத இரண்டை வகுப்பதைவிட, துகள்களை எடுத்து R200க்குள் நீங்களே கூட்டுவதுதான் சரி.

அப்படிக் கூட்டும்போது கைவிடும் இடங்கள் சில உண்டு. டிஎன்ஜி100 பெட்டியின் (உருவகம் நடக்கும் கன வெளியின்) பக்கம் 75,000 அலகு, விளிம்பைத் தாண்டினால் மறுபக்கத்தில் வரும். ஹேலோவின் மையம் 74,950இல், துகள் 40இல் இருந்தால் தூரம் 90தான். திருத்தாவிட்டால் 74,910 ஆகிவிடும். லாம்டா 1ஐத் தாண்டி எகிறினால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது அலகு. பிரபஞ்சம் இன்றைய அளவில் எத்தனை பங்காக இருந்தது என்பதைச் சொல்லும் விரிவுக் காரணி a. துகளின் வேகத்தை √a ஆல் பெருக்க வேண்டும், குரூப்வெல் (ஹேலோ குழுவின் வேகம்) புலத்தை 1/a ஆல், சப்ஹேலோவெல்லுக்கு (துணை ஹேலோவின் வேகம்) ஒன்றும் வேண்டாம். ஸ்னாப்ஷாட் 99இல் (இன்றைய காலம்) a = 1 என்பதால் தப்பு தெரியவே தெரியாது. ஸ்னாப்ஷாட் 33க்குப் போனால் a மூன்றில் ஒன்று. வேகத்தைத் திருத்தாமல், V கணக்கில் ஆரத்தையும் விரிவுறு அலகிலேயே (பிரபஞ்ச விரிவைக் கழித்த கோமூவிங் அலகு) விட்டால் லாம்டா மும்மடங்காகிவிடும். 'அந்தக் காலத்து ஹேலோக்கள் வேகமாகச் சுழன்றன' என்று முடிவு கட்டுமுன் இதைச் சரிபார்க்க வேண்டும். ஹபிள் விரிவைச் சேர்க்கவில்லையே என்ற கவலை மட்டும் வேண்டாம்: அது r திசையிலேயே இருப்பதால் கோண உந்தத்துக்கான r × v என்ற வெக்டர் குறுக்குப் பெருக்கலில் சுழியாகிவிடும்.

மூன்றாவது, எஃப்ஓஎஃப் (அருகருகே உள்ள துகள்களைக் கோத்து ஹேலோவைக் கண்டுபிடிக்கும் முறை) பாலம். மெல்லிய துகள் இழையால் இணைந்த இரு ஹேலோக்களை அது ஒன்றாகக் கட்டிவிடும். ஒன்றையொன்று சுற்றும் கோண உந்தம் அப்போது தற்சுழற்சிக் கணக்கில் ஏறிவிடும். R200இல் வெட்டுவது இதைப் பெரும்பாலும் தடுக்கும்.

இந்தச் சேவையின் உண்மையான அருமை சப்லிங்க் மரத்தில் (ஒரு ஹேலோ எவற்றிலிருந்து இணைந்து வந்தது என்ற வம்சாவளி) இருக்கிறது. ஹேலோவாகச் சுருங்கப்போகும் பிண்டம் உருண்டையாக இருப்பதில்லை. அக்கம்பக்கத்து நிறைகளின் ஓத விசை அந்தக் கோணலைப் பிடித்துத் திருகுகிறது. கோண உந்தம் காலத்தோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் ஏறி, விரிவு நின்று பிண்டம் திரும்பும் கட்டத்தில் ஏற்றம் ஓய்கிறது. பின்னால் வரும் இணைவுகள் தங்கள் சுற்றுப்பாதையின் உந்தத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முதன்மைக் கிளையை மட்டும் ஏற்றி லாம்டாவை வரைந்தால், பெரிய இணைவில் அது துள்ளிப் பிறகு படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துகள் எண்களை வைத்துத் தொடக்க நிலை வரை பின்னோக்கிப் போகவும் முடியும்.

துணைக் கேலக்ஸிகளில்தான் நிதானம் தேவை. பெரிய ஹேலோவுக்குள் விழுந்ததும் வெளிப்புறத் துகள்கள் உரிந்துபோகும். கோண உந்தத்தில் பெரும்பங்கு அவற்றிடம்தான், ஆகவே சுழற்சி குறைவது உண்மையான விளைவு. ஆனால் மையத்தை நெருங்கும்போது, சுற்றியுள்ள அடர்த்தியில் சப்ஃபைண்ட் (டிஎன்ஜியில் துணை ஹேலோக்களைக் கண்டுபிடிக்கும் நிரல்) துணை ஹேலோவின் ஓரத்தைத் தவறவிடும். நிறை திடீரென்று சரிந்து, வெளியே வந்ததும் மீளும். அந்த ஸ்னாப்ஷாட்டுகளின் ஸ்பின்னை நம்ப வேண்டாம். இந்த இடத்தில், வேகத்தையும் சேர்த்துத் தேடும் ராக்ஸ்டார் என்ற இன்னொரு நிரல் மேல். அது லாம்டாவை பீபிள்ஸ், புல்லக் என்ற இரண்டு வரையறையிலும் நேரடியாகவே தருகிறது. சப்ஹேலோஃபிளாக் என்ற அடையாளப் புலம் 0 என்றிருப்பவற்றையும் கழித்துவிடுங்கள், அவை பெரும்பாலும் கேலக்ஸி வட்டிலிருந்து உடைந்த துண்டுகள்.

எந்தப் பெட்டி? சுழற்சியை அளக்கக் குறைந்தது 300 துகள்கள் வேண்டும், திசையும் வேண்டுமென்றால் 1,000க்குக் கீழே போகாதீர்கள். டிஎன்ஜி300இல் ஒரு கரும்பொருள் துகளின் நிறை 5.9 கோடி சூரியன்கள், டிஎன்ஜி100இல் 75 லட்சம், டிஎன்ஜி50இல் 4.5 லட்சம். கேலக்ஸிக் கொத்துகளின் புள்ளிவிவரத்துக்கு டிஎன்ஜி300, துணைக் கேலக்ஸிகளுக்கு டிஎன்ஜி50.