வெப்பியா, ஏவிஐஎஃப்பா?

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது படங்களைத்தான். ஜேபெக் (JPEG) என்ற பழைய பட வடிவத்தை விட்டு வெளியே வரலாம் என்று முடிவு செய்தாயிற்று. அப்புறம் எந்த வடிவத்துக்கு மாறுவது, வெப்பிக்கா (WebP), ஏவிஐஎஃப்புக்கா (AVIF)?

வெப்பி 2010இல் கூகுள் கொண்டுவந்தது. ஏவிஐஎஃப் 2019இல் வந்தது. ஏவி1 (AV1) என்ற வீடியோ வடிவத்தின் சுருக்க முறையையே நிலைப்படத்துக்குப் பயன்படுத்துகிறது. கோப்பின் எடையை மட்டும் பார்த்தால், பெரும்பாலான புகைப்படங்களில் ஏவிஐஎஃப்தான் ஜெயிக்கும்.

ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சுருக்கும் வெப்பி வகை, நிற விவரத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வைத்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் ஓரங்கள் கசிந்து மங்கும். மாலை வானம் போல நிறம் மெல்ல மாறும் இடங்களில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். ஏவிஐஎஃப்பில் நிறத்தை முழுசாக வைத்துக்கொள்ளலாம், 10 பிட் ஆழமும் உண்டு, அதாவது நிறப் படிகள் அதிகம். வானம் வழவழப்பாக இருக்கும். அதற்காக ரொம்ப இறுக்கினால் தோலும் துணியும் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

ஏவிஐஎஃப்பின் பெரிய தொல்லை நேரம். ஒரு படம் என்றால் தெரியாது. ஆயிரக்கணக்கில் மாற்றும்போது கணினி மூச்சு வாங்கும். வெப்பி சட்டென்று முடித்துவிடும். உலாவி ஆதரவு? ஆப்பிளின் சஃபாரி வெப்பியை 2020இலும் ஏவிஐஎஃப்பை 2022இலும் ஏற்றுக்கொண்டது. பழைய கைபேசிகளை நினைத்தால் வெப்பிக்கே ஒரு படி கூடுதல்.

பக்கத்தின் தலைப்பில் வரும் பெரிய படங்களுக்கு ஏவிஐஎஃப், மற்றதெல்லாம் வெப்பி என்றுதான் நான் வைத்திருக்கிறேன். எதுவானாலும் 4000 பிக்சல் படத்தை 800 பிக்சல் இடத்தில் திணிக்காதீர்கள். முதலில் அளவைக் குறையுங்கள்.